அண்ணாவின் அளவுத்தடி

குவேக்கர்ஸ் ஹில்,
14.03.2010

அன்பின் அண்ணாவுக்கு,

நித்தி எழுதுகிறேன். நானும் பவளமும் சுகம். மெல்பேர்ணில் குளிர் தொடங்கமுன் உங்கள் முழங்கால் நோ மாறிவிடவேண்டும் என்று பவளம் விளக்கு வைக்கும்போதெல்லாம் சொல்லிக்கொள்கிறாள்.

பெட்டியைப் பக்குவமாகத் திறவுங்கள். என் பழைய கம்பளி ஜம்பருக்குள் சுற்றி ஒரு போத்தல் இருக்கிறது. நானே காய்ச்சிய பியர்! போன நத்தாருக்கு வந்தபோது நீங்கள் சொன்ன முறைதான்: ஒரே கிடாரம், ஒரே பை. மூடப்போகிற ஓர் இத்தாலியன் சாப்பாட்டுக்கடையில் பெரிய கிடாரம் ஒன்று வாங்கினேன். பவளம் யன்னல் திரைச்சீலைத் துணியில் பை தைத்துத் தந்தாள். தண்ணீரைச் சூடாக்கி, முளைகட்டிக் காயவைத்து உடைத்த பார்லி, அதுதான் மோல்ட், ஏழு கிலோவைப் பையோடு இறக்கி, ஒரு மணித்தியாலம் ஊறவிட்டுத் தூக்கினேன். வடிந்த இனிப்புத் தண்ணீருக்குள் கசப்புக்கு ஹொப்ஸ் பூவும், வென்ட்வேர்த்வில் கடையில் வாங்கிய பனங்கட்டியும், வறுத்த மல்லி கொஞ்சமும் போட்டுக் கொதிக்கவைத்தேன். பிறகு ஈஸ்ட்.

எத்தனை லீற்றர் தண்ணீர் என்று நீங்கள் சொன்னது மறந்துபோய்விட்டது. கைப்பிடியைப் பிடித்திருக்கிற ஆணி வரை விட்டேன். சிரிக்காதீர்கள்.

வேலை அதே இறைச்சிக் குளிரறைதான். விரல் நுனிகள் வெள்ளையாகி உணர்ச்சி போய்ப் போய் வருகின்றன. "இந்த வேலையை விடாட்டி விரல் உங்களை விட்டுடும்" என்று டொக்டர் பெண் பகிடியாகச் சொன்னா. பியர் காய்ச்சும் நாளில் மட்டும் கைக்குச் சூடு ஏறுகிறது. அண்ணா, எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. போனில் எண்களைச் சொன்னால் நீ மாற்றிப் பிடிப்பாய், எழுதியே கேள் என்றீர்கள். எழுதிவிட்டேன். குடித்துப் பார்த்து ஒரு சொல் எழுதுங்கள்.

உங்கள் தம்பி,
நித்தியானந்தன்

~

கிளேட்டன்,
02.04.2010

அன்பின் தம்பி நித்திக்கு,

கடிதமும் போத்தலும் உடையாமல் வந்தன. எனக்குச் சுகத்துக்குக் குறைவில்லை. முழங்காலுக்கு மாத்திரை இருக்கிறது. விளக்கு வேண்டாம் என்று பவளத்துக்குச் சொல்.

உன் பியரில் மூன்று வாய் குடித்துவிட்டு மிச்சத்தைச் சிங்குக்குள் ஊற்றினேன். மனம் நோகவேண்டாம். ஆணி வரை தண்ணீர் என்றால் அது என்ன அளவு? நாளைக்கு வேறு கிடாரம் வாங்கினால் ஆணியைக் கழற்றிக்கொண்டு போவாயா? ஆய்வுகூடத்தில் இருபது வருடம் வேலை செய்தவன் நான். அளக்காமல் செய்தது நன்றாக வந்தாலும் அது தற்செயல்.

பார்லியில் இருக்கிற இனிப்பில் நூற்றுக்கு எத்தனை பங்கு உன் தண்ணீருக்குள் இறங்கியது என்பதுதான் எபிசியன்சி. எனக்கு எழுபத்திரண்டு வரும். பைமுறையில் தண்ணீர் முழுவதும் ஒரே தடவையில் போவதால், அந்த அளவு பிழைத்தால் எல்லாம் பிழைக்கும். சின்னனிலிருந்தே உனக்கும் கணக்குக்கும் ஆகாது. ஆகவே நானே ஓர் அளவுத்தடி வெட்டி, லீற்றர் கோடுகள் போட்டு அனுப்புகிறேன். என் கிடாரம் உட்பக்கம் குறுக்கே 35 சென்ரிமீற்றர். உன்னுடையது எத்தனை என்று அளந்து எழுது.

அண்ணா,
தேவராஜா

~

குவேக்கர்ஸ் ஹில்,
11.04.2010

அன்பின் அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் சுகமாக வந்து சேர்ந்தது. இங்கே குறைவில்லை.

கிடாரத்தின் வாய் உட்பக்கம் 40 சென்ரிமீற்றர். நான் அளந்தால் நம்பமாட்டீர்கள் என்று பவளத்தைக் கொண்டு அவளுடைய தையல் நாடாவால் இரண்டு தரம் அளப்பித்தேன். அடி முதல் வாய் வரை ஒரே அகலம்.

சிங்குக்குள் ஊற்றியதைப் பவளத்துக்குச் சொல்லவில்லை. நீங்கள் எனக்காகத் தடி வெட்டுகிறீர்கள் என்று மட்டும் சொன்னேன். "அவருக்கு உங்களில விருப்பம் இருக்கு, சொல்லத் தெரியாது" என்றாள். லண்டனுக்குப் போய்விட்ட அண்ணி எழுதினாவா? கேட்கக்கூடாது என்றால் மன்னியுங்கள்.

நித்தி

~

கிளேட்டன்,
20.06.2010

அன்பின் தம்பிக்கு,

இங்கே கடும் குளிர். அதைத் தவிர எழுத ஒன்றுமில்லை.

தடி இத்துடன் வருகிறது. நல்ல தேக்கு. ஒவ்வொரு கோட்டையும் என் கையால் சுட்டுப் போட்டேன். உன் பனங்கட்டி வேடிக்கையை விட்டுவிட்டு நான் சொல்வதைச் செய். மோல்ட் ஐந்து கிலோ. தண்ணீர் தடியில் 32. சூடு 66 பாகை. பையைத் தூக்கியபிறகு தடியில் 23 வரும்வரை கொதிக்கவிடு. முப்பது பெரிய போத்தல் வரும். ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டால் 1047 காட்டவேண்டும். எண் எவ்வளவு குறைகிறதோ பியர் அவ்வளவு தண்ணீர். எண்களை எழுதி அனுப்பு. உன் கடிதங்களை எல்லாம் ஒரு பைல் கோவையில் போட்டு வைக்கிறேன்.

அண்ணா

~

குவேக்கர்ஸ் ஹில்,
05.09.2010

அன்பின் அண்ணாவுக்கு,

நலமாய் இருப்பீர்கள் என்று நம்புகிறோம். தடியைக் கராஜில் சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருக்கிறேன். பகிடி இல்லை.

ஆனால் வெட்கமாக இருக்கிறது. 1036தான் வந்தது. நீங்கள் தடியோடு எழுதி அனுப்பிய வாய்ப்பாட்டில் போட்டுப் பார்த்தால் எபிசியன்சி 55. மூன்று தரம் போட்டேன், 55தான். பியர் சப்பென்று இருக்கிறது. பவளம் ஒரு வாய் குடித்துவிட்டு, "முதல் காய்ச்சினதுதான் நல்லம்" என்றாள்.

இரண்டு விசயம் கேட்கவேண்டும். தடிப்படி தண்ணீர் விட்டால் அந்த ஆணி மூழ்கிப்போகிறது. அது சரிதானே? மற்றது, நீங்கள் முப்பது போத்தல் வரும் என்றீர்கள். எனக்கு முப்பத்தொன்பது வந்தது. இந்த ஒன்பது போத்தல் எங்கேயிருந்து வந்தது என்று யோசித்து எனக்கு மண்டை காய்கிறது. உங்களுக்கு உடனே விளங்கும்.

நித்தி

~

கிளேட்டன்,
23.01.2011

அன்பின் தம்பிக்கு,

பதில் எழுதப் பிந்திவிட்டது. வேலை. சுகமாக இருக்கிறாய் என்று எண்ணுகிறேன்.

ஐம்பத்தைந்து! என் ஆய்வுகூடத்துக்கு வருகிற பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அறுபத்தைந்து வரும். ஆணியை மற. தடியை நம்பு. ஆணி லீற்றர் காட்டுவதற்காக அடித்ததல்ல.

பிழை உன் கையில் இருக்கிறது. நீ பையைத் தூக்கிச் சும்மா வடியவிடுகிறாய். இனிப்பு முழுவதும் உள்ளே நிற்கிறது. பையைச் சூட்டோடு பிழி. நன்றாக முறுக்கிப் பிழி. றப்பர் கையுறை போடாதே. போட்டால் கைக்குப் பிடி வராது, பிழியும் இறங்காது. மோல்ட்டை இன்னும் சின்னதாக உடை. ஒன்றரை மணித்தியாலம் ஊறவிடு.

இன்னொரு செய்தி. சடகோபன் என்று மதுரைப் பக்கத்து ஆள் ஒருவர், இங்கே என்ஜினியராக இருக்கிறார். அடுத்த வருடம் சின்னதாக ஒரு பியர் வடிசாலை திறக்கப்போகிறார். நம்முடைய பைமுறையேதான், சங்கிலியில் தூக்குகிற பெரிய பை. காய்ச்ச ஓர் ஆள் வேண்டும் என்று என்னைக் கேட்டார். உன் பெயரைச் சொல்லலாம். ஆனால் என் பெயரும் சேர்ந்து கெடும் அல்லவா? தொடர்ந்து மூன்று தடவை எழுபதுக்கு மேல் எடுத்துக் காட்டு. எண்களை உன் கையெழுத்தில் அனுப்பு. பிறகு பார்ப்போம்.

அண்ணா

~

குவேக்கர்ஸ் ஹில்,
14.08.2011

அன்பின் அண்ணாவுக்கு,

உங்கள் சுகத்துக்குக் குறைவிருக்காது என்று நம்பி எழுதுகிறேன். எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இடது கையால் எழுதுகிறேன்.

சடகோபனைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்த அன்று நானும் பவளமும் மெல்பேர்ணில் எந்தப் பக்கம் வீடு பார்ப்பது என்பது வரைக்கும் கதைத்தோம். குளிரறையில் உறைந்த பெட்டிகளைத் தூக்கும்போதும் அதையே நினைத்துக்கொண்டிருப்பேன். இறைச்சி வாசமில்லாத ஒரு சட்டை. விரல் திரும்பவும் சிவப்பாக வரும். இவ்வளவுதான் அண்ணா எனக்கு வேண்டியது.

மூன்று தடவை காய்ச்சினேன். 55. 55. 56. அந்த ஐம்பத்தாறு வந்த நாளில் சந்தோசப்பட்டேன் என்றால் பாருங்கள்.

மூன்றாவது தடவை நீங்கள் எழுதியபடி முறுக்கிப் பிழிந்தேன். விரல் மரத்துப்போயிருந்ததால் சூடு எனக்குத் தெரியவில்லை. பவளம் வந்து கத்தினபிறகுதான் குனிந்து பார்த்தேன். உள்ளங்கைத் தோல் பையோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. புளக்டவுன் ஆஸ்பத்திரியில் நாலு நாள் இருந்தேன். வலது கையில் இரண்டு விரல் இப்போதைக்கு மடங்காது என்கிறார்கள்.

போத்தல் இந்த முறையும் முப்பத்தொன்பது.

இன்னொரு தவணை தருவீர்களா? கை ஆறியதும் திரும்பக் காய்ச்சுவேன். எங்கே பிழை விடுகிறேன் என்று மட்டும் சொல்லுங்கள். எனக்குத்தான் பிடிபடவில்லை.

நித்தி

~

குவேக்கர்ஸ் ஹில்,
16.10.2011

மதிப்புக்குரிய அத்தானுக்கு,

பவளம் எழுதுகிறேன். உங்களுக்கு நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. சுகமாக இருக்கிறீர்களா?

இவருடைய கடிதத்துக்கு இரண்டு மாதமாக உங்கள் பதில் இல்லை. ஒவ்வொரு நாளும் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றமுன் தபால்பெட்டியைத்தான் பார்க்கிறார். பெட்டி தூக்க ஏலாததால் குளிரறையில் இப்போது கூட்டித் துடைக்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள். குளிர் அதே குளிர்தான்.

உங்களை ஒன்று கேட்கிறேன். அந்த எழுபது வராவிட்டால் பரவாயில்லை, போதும் நித்தி என்று ஒரு வரி எழுதுங்கள். நான் சொன்னால் கேட்கமாட்டார், நீங்கள் சொன்னால் கேட்பார். இந்தக் கையோடு திரும்பக் கிடாரத்தை அடுப்பில் ஏற்றப் பார்க்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.

குறை விளங்கவேண்டாம்.

பவளம்

~

கிளேட்டன்,
04.03.2012

அன்பின் தம்பிக்கு,

நீயும் பவளமும் சுகம் என்று நினைக்கிறேன். நான் நலம்.

சடகோபன் விசயம் முடிந்துவிட்டது. உன் மூன்று தடவை எண்களையும் அவர் பார்க்கவேண்டும் என்றார், கோவையைக் கொடுத்தேன். ஒளிக்க என்ன இருக்கிறது, உன் கையெழுத்துத்தானே? "ஐம்பத்தஞ்சு வச்சுக்கிட்டு என்ன சார் பண்றது, வேற ஆளைப் பாருங்க" என்றார். பிறகு நீங்களே வந்துவிடுங்கள் என்று வற்புறுத்தினார். ஆய்வுகூடத்தில் 2010 மார்கழியோடு என்னை நிற்பாட்டிவிட்டார்கள். உனக்கு அப்போது சொல்லவில்லை. ஆகவே சம்மதித்தேன். ஒருவிதத்தில் வேலை நம் வீட்டுக்குள்தானே இருக்கிறது.

ஒரு சின்ன உதவி. நீ 2010இல் அனுப்பிய முதல் போத்தலில் பாதியைச் சடகோபன் குடித்திருக்கிறார். அன்று என் வீட்டில்தான் இருந்தார். இரண்டு வருடமாக அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். திறப்புவிழாவுக்கு அந்தப் பனங்கட்டிப் பியர்தான் வேண்டுமாம். மோல்ட் என்ன என்ன, எத்தனை கிலோ, பனங்கட்டி எவ்வளவு, முக்கியமாகத் தண்ணீர் எத்தனை லீற்றர் என்று விபரமாக எழுது. ஆணி என்று எழுதாதே, லீற்றரில் எழுது. ஆவணியில் திறப்பு. ஊர்ச்சங்கத்து ஆட்கள், பத்திரிகைக்காரர் எல்லோரும் வருகிறார்கள்.

அண்ணா

~

குவேக்கர்ஸ் ஹில்,
22.04.2012

அன்பின் அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் கண்டு மகிழ்ச்சி. புது வேலைக்கு எங்கள் வாழ்த்துகள். கை ஆறிவிட்டது. இரண்டு விரலும் மடங்கவில்லை, பழகிவிட்டது.

இங்கே புதினம் ஒன்றுமில்லை. மகாதேவன் வீட்டுப் பிறந்தநாளுக்கு நூறு பேருக்குப் பாயாசம் வேண்டும் என்றார்கள். கிடாரம் சும்மாதானே கிடக்கிறது என்று பவளம் எங்கள் கராஜிலேயே காய்ச்சிக் கொடுத்தாள். எல்லோரும் புகழ்ந்தார்கள்.

நீங்கள் கேட்ட விபரம்: வெளிறிய மோல்ட் ஐந்து கிலோ, கருக வறுத்தது ஒரு கிலோ, இடைநிறம் ஒரு கிலோ, எல்லாமாக ஏழு. பனங்கட்டி அரைக் கிலோ. வறுத்த மல்லி ஒரு கைப்பிடி. தண்ணீர் முப்பது லீற்றர். சூடு நீங்கள் சொல்லும் 66தான். வடிசாலைக்கு எல்லாவற்றையும் இருபதால் பெருக்குங்கள்: மோல்ட் 140 கிலோ, தண்ணீர் 600 லீற்றர்.

தண்ணீர் அளவை மாற்றவேண்டாம் அண்ணா. நான் எழுதியது எழுதியபடியே சரி.

நித்தி

~

கிளேட்டன்,
28.08.2012

நித்தி,

திறப்புவிழா நாசம். பியர் கழுவின தண்ணீர் மாதிரி. சடகோபன் அத்தனை பேருக்கும் முன்னால், "என்ன சார் இது, கலர் போட்ட தண்ணியா?" என்று கேட்டார். கிளாசைக் குடிக்காமல் மேசையில் வைத்துவிட்டு எல்லோரும் வடைப் பக்கம் போனார்கள். இந்த நகரத்தில் நான் இனி யாருடைய முகத்தில் முழிப்பது?

ஒன்றுக்கு மட்டும் பதில் எழுது. அந்த முப்பது லீற்றரை எதில் அளந்தாய்?

தேவராஜா

~

குவேக்கர்ஸ் ஹில்,
09.09.2012

அன்பின் அண்ணாவுக்கு,

சுகமாக இருக்கிறீர்களா? முழங்கால் எப்படி?

பால் போத்தலில் அளந்தேன்.

மூன்று லீற்றர் பால் போத்தல். பாயாசத்துக்குப் பவளம் கிடாரத்தில் பத்துப் போத்தல் எண்ணி ஊற்றினாள். ஆணியைத் தொட்டுக்கொண்டு நின்றது. நான் பழக்கத்தில் உங்கள் தடியை உள்ளே விட்டுப் பார்த்தேன், 23 காட்டியது. "நீர் போத்தலை எண்ணேக்க பிழை விட்டுட்டீர்" என்றேன். "நான் பிழை விடேல்லை, உங்கட கொண்ணற்ற தடிதான் பொய் சொல்லுது" என்றாள். பாலை வாளிக்கு மாற்றிவிட்டு, தண்ணீரால் திரும்ப அளந்தோம். பத்துப் போத்தல், முப்பது லீற்றர், தடியில் 23.

கணக்கு வராதவன் அன்று கராஜ் நிலத்தில் இருந்து கணக்குப் போட்டேன். நாற்பதை நாற்பதால் பெருக்கி, அதை உங்கள் கிடாரத்தின் முப்பத்தைந்தை முப்பத்தைந்தால் பெருக்கி வந்ததால் பிரித்தேன். தடி பத்து லீற்றர் என்று காட்டினால் என் கிடாரத்தில் பதின்மூன்று இருக்கிறது. முப்பது போத்தல் முப்பத்தொன்பதானது அப்படித்தான். என்னுடைய 55ஐ அதே கணக்கில் போட்டால் 72 வருகிறது. முதல் தடவையிலிருந்தே எனக்கு எழுபத்திரண்டு வந்துகொண்டிருந்திருக்கிறது அண்ணா. கையில் தோல் இல்லாமல் வீட்டுக்கு வந்த நாளிலும்.

ஒருவேளை மறந்துபோய் உங்கள் கிடாரத்துக்கு வெட்டிய தடியை அனுப்பிவிட்டீர்களோ என்று ஒரு கிழமை நினைத்துக்கொண்டிருந்தேன். நினைக்க விரும்பினேன் என்பதுதான் சரி. ஆனால் ஒன்பது போத்தல் எங்கிருந்து வந்தது என்று எழுதிக் கேட்டேன், நீங்கள் அதைத் தொடவில்லை. ஆணி மூழ்குகிறது என்றேன், ஆணியை மற என்றீர்கள். சிங்குக்குள் ஊற்றிய பியரைச் சடகோபன் எப்படிக் குடித்தார் என்று பிறகு நீங்களே எழுதினீர்கள். உங்கள் கடிதங்களையும் நான் கோவையில் போட்டுத்தான் வைத்திருக்கிறேன்.

அதனால்தான் முப்பது என்று மட்டும் எழுதி, எதில் அளந்தேன் என்பதை எழுதாமல் விட்டேன். தடி சரி என்று நம்புகிற ஆள் என்றால் அறுநூறு லீற்றர் விட்டிருப்பார். பியர் அருமையாக வந்திருக்கும், உங்கள் பெயர் நின்றிருக்கும், நான் வாயைத் திறந்திருக்கமாட்டேன். மாற்றவேண்டாம் என்றும் எழுதினேன். நீங்கள் அதை உங்கள் தடியில் அளந்த முப்பது என்று நினைத்து, அறுநூறைக் கூட்டி 783 விட்டிருக்கிறீர்கள். தடி எவ்வளவு பொய் சொல்லும் என்று மூன்று தானம் வரைக்கும் தெரிந்த ஆள் உலகத்தில் ஒருவர்தான் இருந்தார்.

அந்த 783ஐச் சடகோபன்தான் சொன்னார். கோவையில் இருந்த என் கடிதத்தையும் உங்கள் கையால் எழுதிய வடிசாலைக் குறிப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு போன் எடுத்தார். "உங்க லெட்டர்ல அறுநூறுன்னு தெளிவா இருக்கு. உங்க அண்ணன் ஏன் எழுநூத்தி எண்பத்து மூணு ஊத்தினார்? கேட்டா பதிலே சொல்ல மாட்டேங்கிறாரு" என்றார். "அவரைத்தான் கேக்கவேணும்" என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் விரும்பினால் சொல்லுங்கள்.

காய்ச்சுகிற வேலையை எனக்குத் தந்திருக்கிறார். தை மாதம் மெல்பேர்ணுக்கு வருகிறோம். மடங்காத விரலால் பெரிய பையைப் பிழிய எனக்கு ஏலாது என்றேன். அதற்கு ஓர் ஆளைப் போடலாம், யாராவது தெரியுமா என்று கேட்டார். உங்கள் பெயரைச் சொன்னேன். இந்த நேரத்தில் உங்களுக்கு வேறு இடத்தில் வேலை கிடைப்பது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். "உங்களுக்காகச் சேத்துக்கிறேன்" என்றார்.

பவளம் நான் எழுதுவதை எட்டிப் பார்த்துவிட்டு, "நீங்களும் அவரை மாதிரி ஆகாதேங்கோ" என்கிறாள். அவளை அறையை விட்டுப் போகச் சொல்லிவிட்டு இதை முடிக்கிறேன்.

தடியைத் தனியாகத் தபாலில் போட்டிருக்கிறேன். பையைக் கிண்டிவிட உதவும். வந்து வேலையைத் தொடங்குங்கள். ஒவ்வொரு முறையும் எத்தனை லீற்றர் இறங்கியது என்று உங்கள் கையெழுத்தில் எனக்கு எழுதித் தாருங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிழியும்போது கையுறை மட்டும் போடாதீர்கள் அண்ணா. போட்டால் பிழி இறங்காது.

உங்கள் தம்பி,
நித்தியானந்தன்